செல்போன் முதலாளிக்குச் சட்டம்: தொழிலாளியின் மனு எங்கே?

மில்லில் வேலை செய்தவருக்கு முதலாளி யார் என்று தெரியும். மேஸ்திரியைத் தெரியும். சம்பளத்தில் குறை இருந்தால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

செல்போனில் ஆர்டர் பார்த்து, சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகும் வாலிபருக்கு அப்படி யாரையும் தெரியாது. எந்த ஆர்டர் யாருக்கு, அதற்கு எத்தனை ரூபாய் என்பதை எல்லாம் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஒரு நாள் காலையில் "ஐ.டி. பிளாக்" என்று செல்போன் சொல்லிவிட்டால் அன்றோடு வேலை போயிற்று. "ஏன்?" என்று கேட்பதற்கு எதிரே ஆள் இல்லை.

பெங்களூரில் இப்படி டெலிவரி வேலை பார்த்தும், ஆப் மூலம் ஆட்டோ, டாக்சி ஓட்டியும் பிழைக்கும் தமிழர்கள் பலர். நாடு முழுவதும் இத்தகைய தொழிலாளர்கள் 2020-21-ம் ஆண்டில் 77 லட்சம் பேர் என்று நிதி ஆயோக் 2022-ல் மதிப்பிட்டது. 2029-30-ம் ஆண்டில் இது 2 கோடியே 35 லட்சமாக உயரும் என்றும் அது கணக்கிட்டது.

இந்தக் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போடச் சட்டங்கள் வருகின்றன. சட்டம் வருவதற்கு முன்பு "பொதுமக்கள் கருத்து சொல்லலாம்" என்று ஒரு அறிவிப்பும் வருகிறது. கம்பெனிகளும் அவற்றின் சங்கங்களும் உடனே கருத்து அனுப்பிவிடுகின்றன. தொழிலாளி அந்த அறிவிப்பைப் பார்ப்பதற்குள் தேதி முடிந்துவிடுகிறது.

"கருத்து சொல்லி என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. 2015-ம் ஆண்டு முதல் நடந்த சில சம்பவங்களைப் பார்த்தால் அதற்குப் பதில் கிடைக்கும்.

118 பக்கம், 20 கேள்வி

2015-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி "டிராய்" என்று சொல்லப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு ஆலோசனை அறிக்கையை வெளியிட்டது. மொத்தம் 118 பக்கம். அதில் 20 கேள்விகள்.

வாட்ஸ்அப், ஸ்கைப் போன்றவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது? இன்டர்நெட்டில் ஒரு சேவைக்கு ஒரு கட்டணம், இன்னொரு சேவைக்கு வேறு கட்டணம் என்று வாங்கலாமா? இவைதான் அந்தக் கேள்விகளின் சாரம். பதில் அனுப்ப ஏப்ரல் 24 கடைசி நாள்.

டவர் அமைக்கப் பணம் போடுவது தாங்கள், அந்த டவர் வழியாக இலவசமாகப் பேச வைத்து ஆள் சேர்ப்பது வேறு கம்பெனிகள் என்பது டெலிபோன் கம்பெனிகளின் வாதம்.

பணம் கட்டி இன்டர்நெட் வாங்கிவிட்டால், எதைப் பார்ப்பது, எதைப் படிப்பது என்பது வாங்கியவர் இஷ்டம், டவர்காரர் அதில் தலையிடக்கூடாது என்பது எதிர்த் தரப்பின் வாதம். ரோட்டுக்கு வரி கட்டியவர் எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று ரோடு போட்டவர் சொல்ல முடியுமா? இதைத்தான் "நெட் நியூட்ராலிட்டி" என்று சொன்னார்கள்.

118 பக்க இங்கிலீஷ் அறிக்கையை யார் படிப்பார்கள்? கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள் என்று சிலர் கூடினார்கள். சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள். அறிக்கையைச் சுருக்கி எளிதாக எழுதினார்கள். 20 கேள்விகளுக்கும் பதில் தயாரித்து, விரும்பியவர்கள் அதைத் திருத்தித் தங்கள் பெயரில் ஈமெயிலில் அனுப்ப வழி செய்தார்கள்.

10 லட்சத்துக்கு மேற்பட்ட ஈமெயில்கள் போய்க் குவிந்தன! ஒரு அரசு ஆணையத்தின் ஆலோசனை அறிக்கைக்கு இந்தியாவில் அதுவரை இப்படி ஒரு கூட்டம் பதில் எழுதியது இல்லை.

அதில் ஒரு சங்கடமும் நடந்தது. வந்த கடிதங்களை எல்லாம் டிராய் வெளியிட்டது. எழுதியவர்களின் ஈமெயில் முகவரிகளும் சேர்ந்து வெளியாகிவிட்டன. பொது ஆலோசனைக்கு எழுதும் கடிதம் ஊர் பார்க்கும் கடிதம் ஆகலாம் என்பதைப் பலர் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

பேஸ்புக்கின் கடிதங்கள்

அதே ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி டிராய் இரண்டாவது அறிக்கையை வெளியிட்டது. இந்த முறை 4 கேள்விகள் மட்டும்.

அப்போது பேஸ்புக் கம்பெனி "ப்ரீ பேசிக்ஸ்" என்ற திட்டத்தை நடத்தி வந்தது. ஒரு டெலிபோன் கம்பெனியுடன் சேர்ந்து, சில குறிப்பிட்ட சேவைகளை மட்டும் டேட்டா காசு இல்லாமல் காட்டும் திட்டம் அது. ஏழைகளுக்கு இன்டர்நெட் கிடைக்கும் என்று கம்பெனி சொன்னது. எது இலவசம் என்று தீர்மானிக்கும் சாவி பேஸ்புக்கின் கையில் போய்விடும் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள்.

பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம், ரோட்டோரம் பெரிய போர்டுகள் என்று பேஸ்புக் இறங்கியது. தன் பக்கத்துக்கு வருகிறவர்கள் ஒரு பட்டனைத் தட்டினால், தயாராக எழுதி வைத்த ஆதரவுக் கடிதம் டிராய்க்குப் போகும்படி ஏற்பாடு செய்தது.

டிராய்க்கு வந்த பதில்கள் சுமார் 24 லட்சம். அதில் சுமார் 19 லட்சம் இந்தத் திட்டத்தை ஆதரித்து ஒரே மாதிரி எழுதப்பட்டவை.

ஓட்டுப் பெட்டியாக இருந்தால் பேஸ்புக் அமோக வெற்றி பெற்றிருக்கும். டிராய் அப்படி எண்ணவில்லை. கேட்டது 4 கேள்வி, இந்தக் கடிதங்கள் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை என்று அது கூறியது. பொது ஆலோசனையைக் கூட்டம் காட்டும் ஓட்டெடுப்பாக மாற்றக்கூடாது என்று பேஸ்புக்குக் கண்டிப்பாகக் கடிதமும் எழுதியது.

2016-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி முடிவு வந்தது. எதைப் பார்க்கிறார் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வாங்கத் தடை. மீறினால் நாள் ஒன்றுக்கு ரூ.50 ஆயிரம் அபராதம். அதிகபட்சம் ரூ.50 லட்சம். சில நாட்களிலேயே பேஸ்புக் அந்தத் திட்டத்தை இந்தியாவில் நிறுத்திக்கொண்டது.

முதல் முறை மக்கள் அனுப்பியதிலும் தயார் செய்த பதில்கள் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் கேட்ட 20 கேள்விக்கும் விடை இருந்தது.

கோர்ட்டு பார்த்த பைல்

இன்னொரு வழக்கும் கவனிக்கத்தக்கது. பேசிக்கொண்டிருக்கும்போதே செல்போன் இணைப்பு அறுந்து போனால், வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2015 அக்டோபரில் டிராய் விதி போட்டது. ஒரு நாளைக்கு 3 ரூபாய் வரை கிடைக்கும். மக்களுக்குப் பிடித்தமான விதி.

டெலிபோன் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2016-ம் ஆண்டு மே 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த விதியை ரத்து செய்தது. விதி நியாயமற்றது என்பதோடு, கம்பெனிகள் எடுத்துச் சொன்ன ஆட்சேபங்களுக்கு டிராய் சரியான விளக்கம் தரவில்லை என்பதும் தீர்ப்பில் இடம்பெற்றது. விதி போடும் முன்பு மக்களிடம் கருத்து கேட்டு, அதற்குக் காரணத்தோடு பதில் சொல்லும் முறையைப் பார்லிமெண்டு சட்டமாகவே கொண்டுவரலாம் என்றும் நீதிபதிகள் யோசனை கூறினார்கள்.

இதில் ஜெயித்தது கம்பெனிகள். வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டிய ஒரு ரூபாய் போயிற்று. ஆனாலும் அவர்கள் செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். ஆட்சேபத்தை உரிய நேரத்தில், நம்பர் போட்டு எழுதி, பைலில் சேர்த்து வைத்தார்கள். பிறகு கோர்ட்டு அந்தப் பைலை எடுத்துப் பார்த்தது. டீக்கடையில் பேசிய ஆட்சேபம் எந்தப் பைலிலும் சேராது.

பெங்களூரில் 10 நாள்

ஆப் தொழிலாளர்களுக்கென்று இந்தியாவிலேயே முதன்முதலில் சட்டம் போட்டது ராஜஸ்தான். 2023 ஜூலையில் அந்த மாநிலச் சட்டசபை அதை நிறைவேற்றியது. ஆப் தொழிலாளர் சங்கத்துடன், தகவல் உரிமைக்காகப் போராடிய மஸ்தூர் கிசான் சக்தி சங்காதன் என்ற அமைப்பும் சேர்ந்து அதற்காக வாதாடியது.

அடுத்து கர்நாடகம். 2024-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி நகல் மசோதா வெளியானது. கருத்து சொல்ல ஜூலை 9 வரை, அதாவது 10 நாள்தான் அவகாசம். மத்திய அரசின் மசோதாக்களுக்குக் குறைந்தது 30 நாள் தர வேண்டும் என்று 2014-ம் ஆண்டு வகுத்த கொள்கை இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது மூன்றில் ஒரு பங்கு.

ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வண்டி ஓட்டுகிறவருக்கு 10 நாளில் மசோதாவைத் தேடி, படித்து, பதில் எழுதுவது நடக்கிற காரியமா? தொழிலாளர் சங்கங்கள் முந்திக்கொண்டு பேசின. கம்பெனிகளின் சங்கங்களும் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் கணக்கை வெளியே சொல்ல வேண்டும் என்பது போன்ற விதிகள் தொழிலுக்கு இடைஞ்சல் என்று ஆட்சேபம் தெரிவித்தன.

இழுபறிக்குப் பிறகு 2025 மே மாதம் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் சட்டசபை மசோதாவை நிறைவேற்றியது. செப்டம்பரில் கவர்னர் ஒப்புதலுடன் கெஜட்டில் வெளியாகிச் சட்டம் ஆனது.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கான பட்டியலைக் கம்பெனி கொடுக்க வேண்டும். தொழிலாளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகையின் பேரிலும் கம்பெனி நலநிதி செலுத்த வேண்டும். அது 1 சதவீதம் முதல் 5 சதவீதம் வரை அரசு நிர்ணயிக்கும் அளவு.

காரணத்தை எழுத்தில் சொல்லி, 14 நாள் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்துத்தான் ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாம். 2024 நகல் மசோதாவில் இருந்த இந்த 14 நாள், சட்டத்திலும் நின்றது. வேலையையும் கூலியையும் ரேட்டிங்கையும் கம்ப்யூட்டர் எப்படி முடிவு செய்கிறது என்பதையும் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். குறை கேட்க ஏற்பாடு வேண்டும்.

தமிழர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. ஒப்பந்தம் எளிய நடையில் இருக்க வேண்டும், கன்னடம், இங்கிலீஷ் அல்லது அரசியல் சட்டத்தின் 8-வது அட்டவணையில் உள்ள, தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் கிடைக்க வேண்டும் என்று 2024 நகல் மசோதாவில் எழுதப்பட்டிருந்தது. தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. தமிழில் ஒப்பந்தம் கேட்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

90 நாள் கணக்கு

சட்டம் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. சட்டத்தில் பெரிய விஷயம் இருக்கும். பணம் எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் வேலை செய்தால் என்பவை எல்லாம் விதிகளில்தான் வரும்.

மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தது. கம்பெனிகள் தங்கள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் அது போகக்கூடாது.

அதற்கான நகல் விதிகள் 2025 டிசம்பர் இறுதியில் வெளியாயின. சலுகை பெற ஒரே கம்பெனி என்றால் ஆண்டில் 90 நாள், பல கம்பெனிகள் என்றால் 120 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

இந்த 90 என்ற எண்ணைப் பற்றி டெல்லி அதிகாரியை விட நன்றாகப் பேசக்கூடியவர் யார்? வண்டி மோதிக் கால் முறிந்து 4 மாதம் படுத்தவர். ஐ.டி. பிளாக் ஆகி 2 மாதம் வீட்டில் இருந்தவர். அறுவடைக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குப் போய் வருகிறவர். காலையில் ஆப்பைத் திறந்து இரவு வரை காத்திருந்து ஒரு ஆர்டரும் கிடைக்காதவர். அந்த நாள் கணக்கில் சேருமா, சேராதா? கேட்டு எழுதினால்தான் இப்படி ஒரு கேள்வி இருப்பதே மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்.

நகல் விதியை முன்கூட்டி வெளியிட வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னால், தேதி குறிப்பிட்டு வெளியிட்டு, அந்தத் தேதிக்குள் வரும் ஆட்சேபங்களை அரசு பரிசீலிக்க வேண்டும். இது புதிய சலுகை அல்ல. 1897-ம் ஆண்டின் பொது ஷரத்துகள் சட்டத்தில், 23-வது பிரிவில் இருக்கிறது.

எப்படி எழுதுவது?

மனு எழுதுவது தமிழர்களுக்குப் புதிது அல்ல. தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷன் கார்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் எழுதிய கைதான். சில விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

முதலாவது, எந்த மசோதா, எந்தப் பிரிவு என்று நம்பர் போட வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 19 லட்சம் கடிதங்கள் சறுக்கியது இங்கேதான்.

இரண்டாவது, நடந்ததைச் சொல்ல வேண்டும். "கம்பெனி அநியாயம் செய்கிறது" என்று எழுதினால் படிப்பவர் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். இந்தத் தேதியில், இத்தனை கிலோமீட்டர் ஓட்டியதற்கு இத்தனை ரூபாய் வந்தது, பெட்ரோலுக்கு இத்தனை போயிற்று என்று எழுதினால் நின்று படிப்பார்.

மூன்றாவது, என்ன மாற்றம் வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்ல வேண்டும். "90 நாள் என்பதை இத்தனை நாளாகக் குறைக்க வேண்டும்", "விபத்தில் படுத்த நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்" என்பது போல.

நான்காவது, கடிதம் வெளியாகலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வீட்டு விலாசம், ஆதார் நம்பர், பேங்க் கணக்கு நம்பர் போன்றவற்றைக் கேட்காத இடத்தில் எழுதக்கூடாது. பயம் இருந்தால் சங்கத்தின் பெயரில் அனுப்பலாம்.

ஐந்தாவது, நகல் ஒன்று கையில் இருக்க வேண்டும். தபால் என்றால் ரசீது, ஈமெயில் என்றால் அனுப்பிய தேதி தெரியும் பக்கம். எல்லா இலாகாக்களும் வந்த கருத்துகளை வெளியிடுவதில்லை. 2025 ஜனவரியில் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்பு நகல் விதிகளுக்கு வரும் கருத்துகள் வெளியிடப்பட மாட்டா என்று அறிவிப்பிலேயே சொல்லப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் அனுப்பியவரிடம் உள்ள நகல்தான் சாட்சி.

இருவர் சேர்ந்தால் ஒரு மனு

இந்த நகல் மசோதாக்களும் விதிகளும் தமிழில் வருவதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ் வாலிபருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. இங்கிலீஷ் ஆப்பில் பட்டனைத் தட்டும் அளவுக்குத் தெரியும், சட்டம் படிக்கும் அளவுக்குத் தெரியாது. பலரின் நிலை இதுதான்.

ஆனால் அதே தெருவில், அதே லைன் வீட்டில், ஆபீசில் குமாஸ்தாவாக வேலை பார்க்கும் ஒரு தமிழர் இருப்பார். தினமும் இங்கிலீஷில் நோட் எழுதுவது அவர் தொழில். கெஜட்டைப் படிக்கவும் தெரியும், எந்த மேஜைக்கு எந்தக் கடிதம் போக வேண்டும் என்பதும் தெரியும். அவருக்குத் தெரியாதது, ஐ.டி. பிளாக் ஆன அன்று வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது.

ஒருவரிடம் விஷயம் இருக்கிறது. மற்றவரிடம் எழுத்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்தால் ஒரு மனு தயார். தமிழ்ச் சங்கங்களும் வாசகசாலைகளும் மாதம் ஒரு முறை இதற்கென்று ஒரு மேஜை போட்டால், வரும் அறிவிப்புகளைப் பார்த்து, கடைசித் தேதியைப் பலகையில் எழுதிப் போட்டால், 10 நாள் அவகாசம்கூடப் போதுமானதாக ஆகிவிடும்.

எழுதியது எல்லாம் நடந்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. கம்பெனிகளும் எழுதும், நன்றாகவே எழுதும். நலநிதி 1 சதவீதமா, 5 சதவீதமா, நாள் கணக்கு 90-ஆ, அதற்குக் குறைவா என்று முடிவு செய்ய உட்காரும் அதிகாரியின் மேஜையில் இரண்டு தரப்புக் காகிதமும் இருக்க வேண்டும். ஒரு தரப்புக் காகிதம் மட்டும் இருந்தால், அதைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார்.